கங்கு பட்டது என்றுதான் நினைத்தோம்

போன கார்த்திகையில், மழை விட்டும் தரை ஈரம் காயாமல் இருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. இடம் எங்கள் ஊர். திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டிய பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் வந்துவிடும். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமல் மறைப்பதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அப்பாவும் அம்மாவும் கரிமூட்டம் போடுகிறவர்கள். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். கருவேல மரத்தை வெட்டி, தரைக்குள் இருக்கும் தூரையும் தோண்டி எடுத்து, கூம்பு மாதிரி அடுக்கி, மேலே மண் பூசி மூடி உள்ளே தீ வைப்பார்கள். அது நாள்கணக்கில் புகைந்து கரியாகும். நடுவில் எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்துவிட்டால் அத்தனையும் சாம்பல்தான். அதனால் மூட்டத்துக்கு எப்போதும் காவல் ஆள் வேண்டும். பிரிக்கும்போது உள்ளே அணையாமல் கிடக்கும் கங்கு தெறிக்கும். மூட்டக்காரர்கள் உடம்பில் அங்கங்கே கருப்பாகச் சூட்டுக்காயம் இல்லாமல் இருக்காது. அதை யாரும் காயம் என்றுகூடச் சொல்வதில்லை. "கங்கு பட்டது" என்பார்கள், அதோடு சரி.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கரிமூட்டை' என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் மேல் வர வேண்டிய கோபம் எப்படியோ திரும்பி அப்பா மேல் வந்தது. அவர் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். அவர் முதுகும் கையும் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது. பக்கத்தில் இருந்துகொண்டே பார்க்காமல் இருக்க அப்படிப் பழகியிருந்தேன்.

அருப்புக்கோட்டையில் விலங்கியல் படித்து முடித்த பிறகு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் கள உதவியாளர் வேலை கிடைத்தது. உண்ணிக்காய்ச்சலைப் பற்றிய ஆராய்ச்சி அது. புதர்க்காட்டில், ஈரப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறது. அது கடித்தால் கடிபட்டதே தெரியாது. சில நாள் கழித்துக் காய்ச்சல் வரும். எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் நிறையப் பேருக்குக் கடித்த இடத்தில் பீடியால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது. இது தெரியாமல் விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று எதை வேண்டுமானாலும் தாக்கும். தெரிந்துவிட்டால் சாதாரண மாத்திரையே கேட்கும். முன்பு மலைப்பக்கத்து நோய் என்று நினைத்தது இப்போது எங்கள் மாதிரி வறண்ட காட்டிலும் தலைகாட்டுகிறது.

எங்கள் திட்டத்தை நடத்திய டாக்டரம்மாவை நாங்கள் மேடம் என்போம். இதற்கு ஏன் இன்னும் தடுப்பூசி இல்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "இந்தக் கிருமி இடத்துக்கு இடம் சட்டையை மாத்திக்குதுப்பா. ஒரு சட்டையை அடையாளம் தெரிஞ்சுக்கிட்ட உடம்புக்கு இன்னொண்ணு தெரியாது. தெரிஞ்சதையும் சீக்கிரம் மறந்துடுது. ஒரு தடவை வந்தவங்களுக்கே திரும்பவும் வருது. இந்த மறதி எப்படி நடக்குதுன்னு புரியாம தடுப்பூசி செய்ய முடியாது" என்றார். அதற்காகத்தான் கிராமம் கிராமமாகப் போய், ஒரே ஆட்களிடம் சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தோம். எடுப்பது வீரசோழன் ஊர்க்காரனான என் நண்பன். அவன் லேப் டெக்னீசியன். பேசுவது நான். கையில் படம் போட்ட அட்டை ஒன்று இருக்கும். "காய்ச்சல் வந்தா முதல்ல உடம்பைப் பாருங்க. அக்குளு, இடுப்பு, தொடையிடுக்கு, துணி இறுக்குற இடம் எல்லாம் பாருங்க. கருப்பா பொருக்கு இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க." இதை நான் சொல்லும் அழகைப் பார்த்து மேடமே பாராட்டியிருக்கிறார்.

திட்டம் தொடங்கிய சமயத்தில் ஊர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, எங்கள் பகுதியில் ஏதாவது ஓர் ஊரைச் சேர்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் அடுத்தடுத்து இருந்தன. மேடம் வரைபடத்தில் எங்கள் ஊரின் மேல் விரலை வைத்து, "இது எப்படி? காட்டுக்குள்ளயே வேலை பாக்குறவங்கன்னு சொல்றாங்களே" என்று கேட்டார். அது என் ஊர் என்று அவருக்குத் தெரியாது. வேலையில் சேரும்போது அருப்புக்கோட்டை என்று பொதுவாகச் சொல்லிவைத்திருந்தேன்.

எனக்கு உடனே கண்ணில் தெரிந்தது ஒரு காட்சி. மேடமும் நண்பனும் ஜீப்பிலிருந்து இறங்குகிறார்கள். அப்பா தலை முதல் கால் வரை கரியாக, கோவணத்தோடு மூட்டத்தின் மேல் நிற்கிறார். "வா தம்பி" என்று என்னைக் கூப்பிடுகிறார்.

"அங்க வேணாம் மேடம்" என்றேன். "முரட்டு ஊரு. ரத்தம்னு சொன்னாலே நாயை அவுத்து விட்டுருவாக."

மேடமும் பக்கத்தில் இருந்த நண்பனும் சிரித்தார்கள். மேடம் விரலைப் பக்கத்து ஊருக்கு நகர்த்தினார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் நான் முதலில் சொன்ன கார்த்திகை. மழை விட்டு மண் இளகியிருந்தால் தூர் எடுப்பது லேசு என்பதால் அப்பா நாள் பூராவும் காட்டுக்குள்ளேயே கிடந்தார். ஒரு புதன்கிழமை காய்ச்சல் என்று படுத்தார். மறுநாளே அம்மா, "காலம்பர பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருவமாய்யா?" என்று கேட்டார்.

நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "சீசன் காய்ச்சல்மா. எல்லா ஊர்லயும் இருக்கு. மாத்திரை குடு, ரெண்டு மூணு நாள்ல போயிரும்" என்றேன்.

அம்மா மாத்திரையை எடுக்கப் போனார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "என்ன மதினி, அண்ணன் இப்பிடிச் சுருண்டு கெடக்காரு, ஒரு ஊசியப் போட்டுக் கூட்டியாரலாம்ல" என்றபோது, "எம்மகன் டாக்டரம்மாகூடல்ல வேலை பாக்குறான். அவனே ஒண்ணுமில்லன்னுட்டான்" என்று அம்மா சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. கேட்கப் பெருமையாகவும் இருந்தது. அந்த அக்காவுக்குக் கணவர் இல்லை. அவரும் மூட்டக்காரர்தான். அந்தக் கார்த்திகைக்கு முந்தின தையில் காய்ச்சலில் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மூட்டத்துக்குக் காவல் போயிருந்தார். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று சட்டையைத் தூக்கினேன். இடுப்பில் அரைஞாண் கயிறு அழுத்தும் இடத்தில், கயிற்றுக்கு அடியில், கருப்பாக ஒன்று இருந்தது.

"என்னப்பா இது?"

"எது?" அப்பா தடவிப் பார்த்தார். "கங்கு பட்டிருக்கும்."

நான் சட்டையை இறக்கிவிட்டேன். அட்டை என் பையில் இருந்தது. பை என் முழங்கைக்கு எட்டும் தூரத்தில் ஆணியில் தொங்கியது. இதை எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். தெரியாததால் விட்டேன் என்றால் பொய். தெரிந்துகொண்டே விட்டேன் என்றாலும் பொய். அப்பாவின் உடம்பில் கருப்பைக் கண்டதும் பார்வையை எடுத்துக்கொள்ள என் கண் சின்ன வயதிலேயே படித்திருந்தது. காலேஜில் படித்த படிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுநாள் காலையில் பக்கத்துத் தாலுகாவில் ஓர் ஊரில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கருப்பா பொருக்கு இருக்கான்னு பாருங்க" என்றதும் ஒரு பெரியவர், "எனக்கு உடம்பு பூராம் கருப்புத்தான், எங்கிட்டுன்னு தேட?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்குவதற்குள் போன் வந்தது. அம்மா. "உங்கப்பா என்னமோ பெனாத்துறாருய்யா. மூச்சு இழுத்து இழுத்து விடுறாரு. என்னைய யாருன்னு கேக்குறாருய்யா..."

நண்பன் பைக்கை எடுத்தான். "வழி சொல்லுலே" என்றான். வழி சொல்லிக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர்ப் பாதையில் திரும்பும்போது மட்டும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். என் வேலை இடத்திலிருந்து ஓர் ஆள் எங்கள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை.

கரி ஏற்ற வந்த லோடு வண்டி ஒன்று ஊர் முனையில் நின்றது. டிரைவர் பாதி ஏற்றிய மூட்டைகளை அங்கேயே இறக்கிப் போட்டார். அப்பாவைத் தூக்கியபோது நண்பனின் வெள்ளைச் சட்டை பூராவும் கரி. பக்கத்து வீட்டு அக்கா வண்டிக்குப் பக்கத்தில் ஓடி வந்து, "மூட்டத்தப் பத்திக் கவலப்படாதிக மதினி. நான் போயி உக்காந்துக்கிறேன். நீங்க அண்ணனப் பாருங்க" என்றார்.

அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் பெட்டில் போட்டு மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் இளவயதுக்காரர். அப்பாவைப் பக்கவாட்டில் திருப்பி, சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றை ஒரு விரலால் விலக்கினார். நான் இறக்கிவிட்ட அதே சட்டை.

"இது என்னம்மா?"

"அது கங்கு பட்டதுங்கய்யா. மூட்டத்துல பாடுபடுறவுக எல்லாத்துக்கும் இருக்கும்."

"வலிக்குதுன்னு சொன்னாரா?"

"இல்லீங்களே."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். நடுவில் காய்ந்த கருப்பு, சுற்றிலும் சிவந்த விளிம்பு. எங்கள் அட்டையில் இருந்த படமேதான். நர்ஸிடம், "உண்ணிக்காய்ச்சல் மாதிரி இருக்கு. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், மருந்தை ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுதுகொண்டிருந்த அம்மாவின் முகம் மலர்ந்ததே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுவரோரம் நின்ற என் கையைப் பிடித்து இழுத்து டாக்டர் முன்னால் நிறுத்தினார்.

"உண்ணிக்காய்ச்சலாங்கய்யா? எம்மகன் அதைத்தாங்கய்யா ஆராய்ச்சி பண்றான்! ஊரு ஊராப் போயி சனங்களுக்கு எடுத்துச் சொல்றதே இவன்தான்!"

நேராக வேலையிலிருந்து வந்ததால் அடையாள அட்டை என் கழுத்தில் தொங்கியது. டாக்டர் அதைப் படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்தப் பொருக்கை எப்பப் பாத்தீங்க?"

"நேத்து, சார்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். "சரி, உங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு ஊசி மருந்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவர் இயல்பாகத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நான் அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு இந்தக் கேள்வியும் பதிலும் எதைப் பற்றியது என்று பிடிபடவில்லை. பிடிபட்டிருந்தால் என் கையை விட்டிருப்பாரோ என்னவோ. கடைசி வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்றும் மறுநாளும் எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். வெளியே வராந்தாவில் கரி படிந்த சட்டையோடு நண்பன் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போ என்று சொன்னதற்கு, "எங்க அத்தா துபாய்ல கெடந்தப்போ ஆஸ்பத்திரியில பக்கத்துல இருக்க ஒரு ஆளு இல்லலே. நான் போக மாட்டேன்" என்றான். அவன் அப்பாவை அத்தா என்பான். அவன் ஏதாவது கேட்டுவிடுவானோ என்ற பயமும், கேட்டால் நல்லது என்ற ஆசையும் மாறி மாறி வந்தன.

புதன்கிழமை மதியம் அப்பா கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். அம்மா முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனார். "நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன? மூட்டத்த யாரு பாக்குறா? அதச் சொல்லு மொதல்ல."

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "பொழச்சு வந்ததும் கேக்குறதப் பாரு" என்று நர்ஸிடம் புகார் சொன்னார். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்பா வீடு திரும்பிய வாரத்தில் மேடத்தைப் பார்க்கப் போனேன். "அந்த ஊரையும் சேர்த்துக்கணும் மேடம். அது என் ஊருதான்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அன்னைக்கு நாயை அவுத்து விடுவாங்கன்னு ஏன் சொன்னே?"

"கரிமூட்டம் போடுற ஊரு மேடம். எங்க அப்பாவும் அதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் மாட்டினார். "அடுத்த மாசமே போயிடலாம்" என்றார்.

போனோம். பொங்கல் கழித்து, ஊர் மடத்தில் மேஜை போட்டோம். மூட்ட வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள் என்று நினைத்தேன். வெயில் ஏறும் முன்பே வரிசை நின்றது. டீக்கடைக்காரர் தூக்குவாளியோடு வந்து எங்கள் எல்லாருக்கும் ஊற்றினார். என் பள்ளிக்கூடத்துத் தோழன் ஒருவன், "ஏலே, சுத்துப்பட்டி ஊருக்கெல்லாம் போனியாம்ல, நம்ம ஊருக்கு மட்டும் பஸ்ஸு இல்லையோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். நண்பன் டீயை உறிஞ்சிக்கொண்டே என் காதோரம், "நாயக் காணோமேலே" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அப்பாதான் முதல் ஆள். கையை நீட்டினார். பழைய சூட்டுத் தழும்புகளுக்கு நடுவில் நண்பன் நரம்பைத் தேடினான். குழாயில் ரத்தம் ஏறியதும் அப்பா எட்டிப் பார்த்தார்.

"பரவால்லையே, செவப்பாத்தான் இருக்கு. கரியாத்தான் வரும்னு நெனச்சேன்."

வரிசையே சிரித்தது. முகாமில் சிரிக்காத ஆள் நான் ஒருவன்தான். அந்தக் கையை நான் அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

"இத வச்சு ஊசி செய்வாகளா தம்பி?"

"இப்ப இல்லப்பா. செய்யறதுக்கு வழி தேடுறாக. வருஷக்கணக்குல ஆகும்."

"ஆகட்டும். நம்மகிட்ட ரத்தமா இல்ல?"

அட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊர் ஆட்களிடம் பேசினேன். எத்தனையோ ஊர்களில் தடங்கல் இல்லாமல் சொன்ன வார்த்தைகள், அங்கே முன்னுக்குப் பின் மாறி வந்தன. கருப்புப் பொருக்கு இருந்த படத்தைக் காட்டியபோது வரிசையில் ஓரிடத்தில் பேச்சு நின்றது. பக்கத்து வீட்டு அக்கா. அன்றைக்கு எங்கள் மூட்டத்தை ஒரு விரிசல் விடாமல் காத்துக் கொடுத்தவர். முன்னால் வந்து படத்தைக் கையில் வாங்கி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு தம்பி" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு. கையிடுக்குல. எடுக்குறதுக்கு முன்னால குளிப்பாட்டுறப்பத்தான் பாத்தோம். கங்கு பட்டதுன்னுதான் நெனச்சோம்."

நான் கணக்குப் போட்டேன். மேடத்தின் விரல் நகர்ந்தது ஆடியில். அக்காவின் கணவர் போனது அதை அடுத்து வந்த தையில். பக்கத்து ஊரில் அந்த ஐப்பசியிலேயே இந்த அட்டையைக் காட்டிவிட்டோம். நடுவில் இருப்பது ஒரு கண்மாய்க்கரை மட்டும்தான்.

"அப்பவே நீங்கள்லாம் இங்கிட்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவரே நிறுத்திக்கொண்டார். "ம்... யாரு கண்டா. அவரு விதி" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

அது உண்ணிக்காய்ச்சல்தானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மேடமும் அப்படித்தான் சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொன்னார். ஆறுதலாக இல்லை. நான் அன்றைக்கே அக்காவிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "ஊசின்னா எனக்குப் பயம் தம்பி, இந்தக் கையக் கொஞ்சம் புடிச்சுக்க" என்றார். பிடித்துக்கொண்டேன். கரி ஏறிய, காய்ப்புக் காய்த்த கை. ஊசி ஏறியபோது என் விரல்களை நசுக்கிப் பிடித்தார். நான் எதையும் சொல்லவில்லை.

இன்னமும் சொல்லவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இது அச்சில் வந்தால், யாரோ வாசித்து அவர் காதுக்குப் போவதற்கு முன்னால், நானே கொண்டுபோய் அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடம்பு இந்தக் கிருமியைச் சீக்கிரம் மறந்துவிடுகிறது என்று மேடம் சொன்னார். அக்கா பிடித்து நசுக்கிய விரல்களைப் பார்க்கும்போதெல்லாம், என் உடம்பு இதை மட்டும் மறந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.